நாற்பத்தைந்தாம் நாள்

அம்மன் காலடியில் இருந்த மஞ்சள் துணி முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள் தங்கப்பொன்னு. எடுக்கத்தான் துணிச்சல் வரவில்லை. மணி பதினொன்று தாண்டிவிட்டது.

முடிச்சுக்குள் பஞ்சாலையின் வருகை அட்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தன. மெஷின் அவள் வலக்கையில் மூன்று விரலைத் தின்ற நாளுக்கு அவைதான் சாட்சி. அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை என்று சாதித்தார் ஆலைக்காரர். நஷ்டஈடு கேட்டு மனுப் போட இரண்டு வருஷக் கெடு.

ஆஸ்பத்திரியை விட்டு வீடு வந்த நாளிலிருந்துதான் கெடு தொடங்குகிறது, இன்னும் நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தாள் பொன்னு. அந்தத் தைரியத்தில்தான் ஒருவேளைச் சாப்பாட்டோடு நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கினாள். காகிதத்தை அம்மன் காலடியில் வைத்து, விரதம் முடியும்வரை தொடுவதில்லை என்றும் நேர்ந்துகொண்டாள். விரல் போன நாளிலிருந்து எண்ண வேண்டும், கெடு இன்றோடு சரி என்று வக்கீல் காலையில்தான் போனில் திட்டினார்.

மடத்து அம்மை விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். பொன்னுவைவிடப் பத்து வயது இளையவர். பொன்னு அவருக்குச் சிஷ்யையாகி ஆறு வருஷம்.

"தாயே, இப்ப எடுத்தா சாமி குத்தமாயிருமா?"

"எடுக்கலைன்னா?"

"அஞ்சு மணிக்கு ஆபீசைப் பூட்டிருவாங்க. அப்புறம் ஏன் லேட்டுன்னே ஒரு வழக்கு நடக்குமாம்."

அம்மை திரியைக் கிள்ளினார்.

"அன்னிக்கு நான் மில்லுலதான் நின்னேன்னு அம்மனுக்குத் தெரியும் தாயே. அவ கைவிட்டுருவாளா?"

"பார்த்துக்கிட்டுதான் இருந்தா. சாட்சிக் கூண்டுல ஏறச் சொல்லு, ஏறுவாளா?"

"அவ எப்படித் தாயே..."

"ஏறினாலும் எதிர்வக்கீல் விடுவாரா? அன்னிக்கு உனக்கு அங்க என்னம்மா வேலைன்னு கேப்பார்."

பொன்னுவுக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்சமிருந்த இரண்டு விரலால் முந்தானையைத் திருகினாள்.

"விரதத்தை முறிச்சு மனுப் போட்டு, அதுவும் தோத்துட்டா? ரெண்டும் போயிருமே."

அம்மை கையைத் துடைத்துக்கொண்டு சன்னிதிக்குள் போனார். முடிச்சை எடுத்து வந்து பொன்னுவின் கையில் வைத்தார். பொன்னு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இன்னும் மூணு நாள் இருக்கே தாயே."

"அதை நான் இருந்துக்கிறேன். போற வழியில மடப்பள்ளியில சொல்லிரு, மூணு நாளைக்கு எனக்கு ஒருவேளைச் சோறு போதும்னு."