ராஜாவின் முதுகும் ஓடைநாட்டு ஏரிக்கரையும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஐந்து நாடுகளைத் தன் குடைக்கீழ் வைத்துக்கொண்டு மகுடவர்மன் என்றொரு ராஜா மணிமேட்டில் இருந்து ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் காலையில் ஒன்று தோன்றினால் மாலைக்குள் அது சட்டமாகிவிட வேண்டும். அப்படிப்பட்டவரிடம் வேலை பார்ப்பது எவ்வளவு சுகம் என்று அவருடைய ஆணைகளை எழுதும் ஓலைநாயகம் அம்பலவாண ராயரைத்தான் கேட்க வேண்டும்.

ஐந்து நாடுகளும் விளைச்சலில் ஆறில் ஒரு பங்கை மணிமேட்டுக்கு அனுப்பும். பதிலுக்கு ராஜா ஆண்டுதோறும் கல், சுண்ணாம்பு, கல்தச்சர்கள் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் கொடை கொடுப்பார். எந்த வேலைக்குக் கொடுப்பது என்று அந்தந்த நாட்டாண்மையைக் கூப்பிட்டுக் கலந்து பேசுவது பழைய வழக்கம். ராயர் அந்த வழக்கத்தை விடவில்லை, சுருக்கிவிட்டார். சபைக்குள் நுழையும்போது நாட்டாண்மைகள் ராஜாவை வணங்கித் தலை தாழ்த்துவார்கள் அல்லவா? 'தலை அசைத்தார்கள், ஆகவே சம்மதம்' என்று எழுதிவிடுவார். அப்புறம் யார் என்ன பேசினால் என்ன?

அந்த வருஷம் பட்டத்து யானைக்குக் கட்டிய புதுக் கொட்டில் ராஜாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. ஐந்து நாட்டிலும் அதே மாதிரி யானைக் கொட்டில் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். கொடைக் கல்லில் ஒன்றை வேறு வேலைக்கு எடுத்தாலும் எடுத்தவனின் கை போய்விடும்.

ஓடைநாட்டில் யானையே கிடையாது. இருந்தது ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் ஆள் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. கரைக்குக் கீழே பதினெட்டு ஊர்கள். அதில் முதல் ஊரில் நாட்டாண்மை ஆவுடையானின் மகள் நிறைமாதமாக இருந்தாள். புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். காய்ந்தாகிவிட்டது. பெய்ய வேண்டியதுதான் பாக்கி.

மூன்று நாள் நடந்து தலைநகருக்கு வந்த ஆவுடையான், சபைக்கு முதல் நாளே ராயர் வீட்டு வாசலில் போய் நின்றார். "ஐயா, எங்களுக்குக் கொட்டில் வேண்டாம். அந்தக் கல்லை ஏரிக்கரைக்கு விடுங்கள்."

"ஓலை எழுதியாயிற்று, ஓய்."

"சபை நாளைக்குத்தானே?"

"நாளைக்கு நீர் ராஜாவை வணங்காமலா இருந்துவிடப் போகிறீர்?" என்று சிரித்தார் ராயர்.



மறுநாள் சபை கூடியது. சபை முடியும்வரை ராஜா வலக்கையில் செங்கோலும் இடக்கையில் வாளும் பிடித்திருக்க வேண்டும். நடுவில் கீழே வைத்தால் ஆட்சிக்கு ஆகாது என்று ஐதீகம். மழைக்கு முந்தைய புழுக்கம் வேறு. பட்டும் சரிகையும் போர்த்திய ராஜாவின் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

ஆவுடையான் சாளரத்தைப் பார்த்தார். கீழ்வானம் கறுத்துக் கிடந்தது. அழுது மன்றாடத்தான் வந்திருந்தார். ராஜாவின் கழுத்தைப் பார்த்ததும் வேறொன்று தோன்றியது. பிசகினால் தலை தப்பாது.

"ஊரில் என்ன விசேஷம், நாட்டாண்மை?" என்றார் ராஜா.

"முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறது மகாராஜா. கம்பளிப்பூச்சிதான் தாங்க முடியவில்லை. மரம் தெரியாமல் அப்பியிருக்கிறது. காற்றடித்தால் சட்டைக்குள் விழுகிறது. விழுந்தது சும்மா கிடக்கிறதா? பிடரியில் இறங்கி, முதுகுத்தண்டு வழியே சுணையை உதிர்த்துக்கொண்டே மெல்ல மெல்ல ஊர்கிறது."

சேனாதிபதி கழுத்தைச் சொறிந்தார். புரோகிதர் தூணில் முதுகைத் தேய்த்தார். ராஜாவுக்கோ இரண்டு கையும் கட்டிப்போட்ட மாதிரி. நெளிந்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கடைசியில், "யாராவது கொஞ்சம் சொறிந்துவிடுங்களேன்" என்று கெஞ்சினார்.

ராயர் எழுவதற்குள் ஆவுடையான் ஓடிப்போய் மண்டியிட்டு, ராஜாவின் முழங்காலைச் சொறிந்தார்.

"முதுகய்யா, முதுகு!"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி முழங்கால் என்று முடிவாகிவிட்டது மகாராஜா. தங்களோடும் கலந்து பேசினோமே. தலை அசைத்தீர்கள்."

"அரிப்புத் தாங்காமல் அசைத்தேன். சம்மதம் என்று யார் சொன்னது?"

"நாங்களும் கும்பிடத்தான் தலையசைத்தோம். ராயர் சம்மதம் என்று எழுதிவிட்டார்."

ராஜாவின் இடக்கையில் வாள் அசைந்தது. ஆவுடையான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "எங்களுக்கு அரிப்பு ஏரிக்கரையில், மகாராஜா. தாங்கள் யானைக் கொட்டிலில் சொறிகிறீர்கள். கரை உடைந்தால் பதினெட்டு ஊர் போய்விடும். என் மகளும் போய்விடுவாள்."

ராஜா இன்னொரு முறை நெளிந்தார். "முதலில் முதுகைச் சொறியும்."

"எந்த இடம், மகாராஜா?"

"இடது தோளுக்குக் கீழே. இன்னும் கீழே. ம்... அதேதான்." ராஜாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "கேட்டுச் சொறிந்தால் எவ்வளவு சுகமாக இருக்கிறது," என்றார்.

அப்புறம் ராயரின் ஓலையை வாசிக்கச் சொன்னார். ஐந்து நாட்டுக்கும் அதே 'தலை அசைத்தார்கள்'. ராயரின் முகம் சுண்டிப்போயிற்று. "கல் எங்கே வேண்டுமோ அங்கே போகட்டும். ராயரே, நீரும் ஓடைநாட்டுக்குப் போய்ச் சுண்ணாம்புக் கூடை சுமந்துவிட்டு வாரும்," என்ற ராஜா, கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆவுடையானுக்குப் போடச் சொன்னார்.

"மாலை இருக்கட்டும் மகாராஜா. விரசாக ஓடும் மாடு பூட்டிய வண்டிகள் கொடுங்கள். இப்போதே கிளம்ப வேண்டும்."

நாற்பது வண்டிகள் கிளம்பின. பாதி வழியிலேயே தூறல் பிடித்துக்கொண்டது. கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெடிப்பு ஆள் தோளே நுழையும் அளவாகியிருந்தது. நனைந்துகொண்டே அடைத்தார்கள். கடைசிக் கல் உட்கார்ந்த அன்று மண்ணுருகப் பெய்தது. தண்ணீர் ஏறி ஏறி, கரை விளிம்புக்கு இரண்டு சாண் கீழே வந்து நின்றது. ஆவுடையான் அங்கேயே உட்கார்ந்து அந்த இரண்டு சாணையே பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி பிறந்த செய்திகூட அங்கேதான் வந்தது.

அடுத்த வருஷம் சபை கூடியதும் ராஜா ஐதீகத்தைப் பார்க்கவில்லை. செங்கோலையும் வாளையும் ஆசனத்தில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். ஒவ்வொரு நாட்டாண்மையிடமும் நின்று, "உமக்கு எங்கே அரிக்கிறது?" என்று கேட்டார். தோளில் தழும்பேறிய ராயர் ஒவ்வொருவர் பதிலையும் ஒரு சொல் விடாமல் எழுதினார். அன்றைக்கு ஒருவர் கும்பிட்டதைக்கூட அவர் சம்மதம் என்று எழுதவில்லை.