முன் டயருக்கு வைத்த கல்

ஓமானில் சிக்கந்தர் லாரி ஓட்டிய கம்பெனிக்குக் கோதண்டம் என்று ஒரு மேனேஜர். தன் நிழல்கூடத் தனக்கு சலாம் போடவேண்டும் என்று நினைக்கிற ஆள்.

அன்றைக்கு அரபு முதலாளி பக்கத்தில் நிற்க, சிமெண்டு ஏற்றிய பழைய லாரியைக் காட்டி, "மலை இறங்கிப் போய்ச் சேரு" என்றார்.

போன மாதம் இப்படிப் பிரேக் பிடிக்காமல் அனுப்பிய வண்டி வளைவில் பள்ளத்துக்குள் போனது. ஓட்டியவனைப் பெட்டியில்தான் ஊருக்கு அனுப்பினார்கள்.

"பிரேக் பிடிக்கல சார்" என்றான் சிக்கந்தர்.

"முதலாளி முன்னாடியே பொய் சொல்றியா? பிரேக் புதுசு மாதிரி இருக்கு. போகலேன்னா போலீசுல பிடிச்சுக் கொடுத்துடுவேன். உன் பாஸ்போர்ட் என்கிட்ட இருக்கு, தெரியும்ல?"

லாரி நின்றது சரிவில். உருண்டுவிடாமல் முன் டயருக்குப் பெரிய கல் ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். சரிவுக்குக் கீழே நேராகக் கோதண்டத்தின் புதுக் கார்.

"சரி சார், போறேன்." சிக்கந்தர் கடப்பாரையை எடுத்துக் கல்லை நெம்பக் குனிந்தான்.

"டேய், எடுக்காதடா! கீழ என் கார் நிக்குது!" கோதண்டம் அலறிக்கொண்டு காரை நோக்கி ஓடினார்.

முதலாளிக்குத் தமிழ் தெரியாது. ஓடுகிறவரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். சிக்கந்தரிடமிருந்து லாரிச் சாவியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மூச்சிரைக்கத் திரும்பிவந்த கோதண்டத்திடம் சிக்கந்தர் கேட்டான்:

"இங்க கல் இருக்கு சார். மலையில யார் சார் வந்து வைப்பா?"