கோப்பையை யார் கையில் கொடுப்பது?

ஒரு சங்கதி சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஊரின் பெயர் வேண்டாம். சொன்னால் அங்குள்ளவர்கள் என்னோடு மல்லுக்கு நிற்பார்கள். கொங்குப் பக்கத்துச் சிறு நகரம், அங்கே ஒரு பெண்கள் பள்ளி, எட்டாம் வகுப்பில் நிறைமதி என்றொரு பிள்ளை.

நிறைமதிக்குக் கன்னத்திலும் கைகளிலும் வெண்புள்ளி. அது ஒட்டாது, யாருக்கும் தொற்றாது. டாக்டர் தொண்டை வறளச் சொன்னார், கேட்க ஆள் வேண்டுமே! அவள் தண்ணீர் பிடித்த குழாயைக் கழுவிவிட்டுத்தான் அடுத்தவள் பிடிப்பாள். பிறந்தநாளன்று அவள் நீட்டிய சாக்லேட்டை எல்லாரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். மாலையில் அத்தனையும் சன்னலுக்கு வெளியே மண்ணில் கிடந்தன. அன்று அந்தப் பிள்ளை அழவில்லை, குனிந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒருத்தி, கோகிலவாணி. அவளும் ஊரறிய இல்லை. மதிய மணி அடித்ததும் இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனித்தனியாகப் போவார்கள். கோகிலவாணி ஒரு கடலை மிட்டாயைத் துப்பட்டா நுனியில் சுற்றிக் காக்காக்கடி கடித்து, பாதியை இவள் வாயிலேயே திணிப்பாள். பிறகு ஏதேதோ கதை பேசுவார்கள். நிறைமதி பள்ளிக்கூடம் வந்ததே அந்தச் சிறு பொழுதுக்காகத்தான். ஆனால் முதல் நாளே கோகிலவாணி சத்தியம் வாங்கியிருந்தாள்.

"நம்ம பேசறது யாருக்குந் தெரியப்படாது புள்ள. தெரிஞ்சா என்னையும் ஒதுக்கிப் போடுவாளுக."

"தலையே போனாலுஞ் சொல்ல மாட்டேன்" என்றாள் நிறைமதி.

இப்படி இருக்கையில், மனித உரிமை ஆணையத்திலிருந்து விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு ஆள் வந்தார்கள். யாரையும் கேலி செய்யாதே, யாரையும் ஒதுக்காதே என்பது தலைப்பு. வந்த திலகவதி மேடம் தங்கமானவர், அதில் பொய்யில்லை. அவர் பேசப்பேச ஆசிரியைகளே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதோடு கும்பிடு போட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் நம் பக்கத்தில் கோப்பை கொடுக்காமல் எந்த நிகழ்ச்சி முடிந்திருக்கிறது? 'சிறந்த தோழி' என்று பொறித்து ஒரு கோப்பையும் கொண்டுவந்திருந்தார். யாருக்குக் கொடுப்பது என்று தலைமையாசிரியையிடம் கேட்டார்.

அந்த அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நம்ம நிறைமதி இருக்காளே! அவளையே கொடுக்கச் சொல்லுங்க மேடம்" என்றார். திலகவதி மேடத்துக்கும் அது பிடித்துப்போயிற்று. அடக் கடவுளே, ஊரே ஒதுக்கிய பிள்ளையை ஊர் முன்னால் ஏற்றி நிறுத்தினார்கள்!

மேடம் நிறைமதியின் தோளில் கை வைத்து, "உனக்கு உண்மையான தோழி யாரோ, அவங்களைக் கூப்பிட்டுக் கொடும்மா" என்றார். முன் வரிசையிலிருந்து அதே வகுப்பு ஜெனிலியா துள்ளி எழுந்தாள். மேடையேறி, நிறைமதி தோளில் மாட்டியிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, எல்லாரும் பார்க்க வாய் வைத்துக் குடித்தாள். போட்டோக்காரர் மூன்று தடவை மின்னலடித்தார். கைதட்டல் காதைப் பிளந்தது. சாக்லேட்டுகளைச் சன்னல் வழியே முதலில் எறிந்தவள் இந்த ஜெனிலியாதான்.

"வேற யாராவது இருக்கீங்களா?" என்று மேடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

கடைசி வரிசையில் கோகிலவாணி எழுந்து நின்றாள்.

முன்னால் இருந்தவர்கள் யாரும் திரும்பவில்லை. அவள் வரிசைப் பிள்ளைகள் மட்டும் ஏறிட்டுப் பார்த்தார்கள். நிறைமதியும் பார்த்தாள். கோகிலவாணியின் முகம் வெளிறிப்போயிருந்தது, ஆனால் உட்காரவில்லை. நமக்காகத்தான் எழுந்தாளா, இல்லை, நாம் பெயரைச் சொல்லிவிடுவோமென்று பயந்து வெளியே ஓடப் பார்க்கிறாளா? நிறைமதிக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கோப்பையை ஜெனிலியாவின் கையில் திணித்துவிட்டாள். கோகிலவாணி மெல்ல உட்கார்ந்தாள்.

மறுநாள் தொட்டிக்குப் பின்னால் கோகிலவாணி வந்தாள், வெறுங்கையோடு.

"நான் எந்திரிச்சத நீ பாத்தீல்ல?"

"பாத்தேன்."

"அப்பறமும் அவளுக்குத்தான குடுத்தே?"

"நீதான புள்ள சொல்லப்படாதுன்ன?"

"எந்திரிச்சு நின்னதுக்கப்பறம் என்ன புள்ள சத்தியம்? இப்ப எம் பெஞ்சுல ஒருத்தியும் உக்கார மாட்டேங்கறா. நீயும் என்னை இல்லைன்னுட்டே."

அவ்வளவுதான், போய்விட்டாள். திலகவதி மேடம் அடுத்த பள்ளிக்குப் போய்விட்டார். கோப்பை ஜெனிலியா வீட்டு டிவிக்கு மேலே இருக்கிறது. அந்த வகுப்பில் முன்பு ஒதுக்கப்பட்டவள் ஒருத்தி, இப்போது இரண்டு பேர். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

இப்போது சொல்லுங்கள். நல்லது நினைத்து மேடையேற்றிய திலகவதி மேடம், கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய நிறைமதி, வாங்கிய வாக்கைத் தானே உடைத்து எழுந்த கோகிலவாணி: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: கோகிலவாணி செய்ததுதான் சரி. வாக்கைக் கேட்டவளே எழுந்து நின்றபின் அதைக் காக்க ஒன்றுமில்லை. மேடம் நல்லவர், ஆனால் தான் போனபிறகு அந்தப் பிள்ளை அங்கேதான் இருக்க வேண்டும் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. நிறைமதி செய்தது தவறுதான். ஆனாலும் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் ஊரறிய யாருமே தொடாத பிள்ளை அது. தனக்காக ஒருத்தி எழுந்து நிற்பாள் என்று அது எப்படி நம்பும்?