மெரெத்தாவுக்கு எதிராக மூன்று சாட்சிகள்

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே! இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று வாயடைத்துப் போவீர்கள். இருந்தார்கள்.

வெகு காலத்துக்கு முன், குளிர்காலத்தில் கடலே கல்லாக உறையும் டென்மார்க் தேசத்தை அஸ்கெர் என்ற அரசன் ஆண்டான். அவனுடைய அரசி ரிக்கிஸா. இரண்டு நாடுகளின் சண்டை ஓயட்டும் என்று பெரியவர்கள் செய்துவைத்த கல்யாணம் அது. அரசிமேல் அவனுக்கு மரியாதை இருந்தது, மனம் இல்லை.

மனம் போன இடம் வேறு. துறைமுகத்தில் மீனுக்கு உப்புப் போடுகிறவரின் மகள் மெரெத்தா. அவளை அழைத்துவந்து, கடலைப் பார்த்த ஒரு மாளிகையில் குடிவைத்தான். மோதிரமும் இல்லை, முடியும் இல்லை. அரசனின் ஆசைநாயகி என்றே ஊர் அவளை அழைத்தது.

முதலில் அவள் வாசலை யாரும் மிதிக்கவில்லை. அவள் சொன்னால் அரசன் கேட்கிறான் என்று தெரிந்ததும் வாசலில் கூட்டம் தாங்கவில்லை.

மந்திரி வந்தார். "தாயே, என் மகனுக்கு ஒரு கோட்டையின் அதிகாரம் வேண்டும்."

மடத்துத் தலைவர் வந்தார். "மகளே, மடத்துக்கு ஆற்றங்கரை நிலம் வேண்டும்."

தளபதி ஓடிவந்தார். "அம்மா, போரில் தோற்றுவிட்டேன். அரசர் என் தலையை எடுக்கச் சொல்லிவிட்டார்!"

மூவருக்காகவும் மெரெத்தா பேசினாள். மூவருக்கும் கேட்டது கிடைத்தது. பதிலுக்கு அவள் எதையும் வாங்கவில்லை.

ஒரு குளிர்காலத்தில் வேட்டைக்குப் போன அரசன் காய்ச்சலோடு திரும்பினான். படுத்தவன் எழுந்திருக்கவேயில்லை.

அவனை இன்னும் அடக்கம்கூடச் செய்யவில்லை. அதற்குள் மெரெத்தாவின் கதவை வீரர்கள் உடைத்தார்கள். முன்னால் நின்றவர் யார் தெரியுமா? தளபதி!

"நீங்களா?" என்றாள் அவள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அரசரைச் சூனியம் வைத்துக் கொன்றாய் என்று உன்மேல் குற்றம்" என்றார்.

சூனியக்காரிக்கு அந்த நாட்டில் ஒரே தண்டனைதான். நெருப்பு.

இளவரசன் சின்னவன் என்பதால் அரசியே நியாயம் கேட்க அமர்ந்தாள். சக்களத்தி எரிந்தால் அரசி மகிழ்வாள், மகிழ்ந்தால் வாரி வழங்குவாள். சபையில் எல்லோருக்கும் அதுதான் நினைப்பு.

"இவள் மருந்து கலந்ததை என் கண்ணால் பார்த்தேன்" என்று மந்திரி சத்தியம் செய்தார்.

"இவள் மாளிகையில் மெழுகுப் பொம்மை இருந்தது" என்று தளபதி சத்தியம் செய்தார்.

"ஆரம்பம் முதலே அரசரின் புத்தியை இவள் கட்டிவைத்திருந்தாள். அவர் செய்ததெல்லாம் இவள் மந்திரம்" என்று மடத்துத் தலைவர் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

மெரெத்தா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நெருப்பைவிட அந்த முகங்கள் அவளை அதிரவைத்தன.

அரசி நிதானமாகக் கேட்டாள். "அப்படியானால், இவள் பேச்சைக் கேட்டு அரசர் கொடுத்தது எதுவும் அவர் சொந்தப் புத்தியோடு கொடுத்ததல்ல. சரிதானே?"

"சரி, மகாராணி!" என்றது சபை.

"அப்போது எதுவும் செல்லாது. மந்திரியாரே, கோட்டையைத் திருப்பிக் கொடும். சுவாமி, நிலத்தைத் திருப்பிக் கொடும். தளபதியாரே, உமக்குக் கிடைத்த மன்னிப்பும் செல்லாது. வெட்டுகிறவனை அழைக்கட்டுமா?"

மூவரும் முந்தியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"புத்தியைக் கட்டினாள் என்றால்... அன்பால் என்றுதான் சொல்லவந்தேன்" என்றார் மடத்துத் தலைவர்.

"தூரத்திலிருந்து பார்த்தேன். அது தேனாகவும் இருக்கலாம்" என்றார் மந்திரி.

தளபதி மண்டியிட்டுவிட்டார். "பொம்மையே இல்லை, தேவி! மந்திரிதான் அப்படிச் சொல்லச் சொன்னார்!"

அரசி எழுந்தாள். "காய்ச்சல் முழுக்க அரசர் பக்கத்தில் இருந்தவள் நான். இவளை அறைக்குள் விட நான் சம்மதிக்கவேயில்லை. கதவுக்கு வெளியே நின்றவள் எந்தக் கையால் மருந்து கலந்தாள்?"

பொய்ச் சத்தியம் செய்த மூவரையும் நாடு கடத்தும்படி அரசி ஆணையிட்டாள்.

"என்னை ஏன் காப்பாற்றினீர்கள், மகாராணி?" என்று மெரெத்தா கேட்டாள்.

"உன்னை எனக்குப் பிடிக்காது. என் வாழ்க்கையில் பாதியை நீ எடுத்துக்கொண்டாய். அதற்காக, நீ செய்யாத கொலைக்கு உன்னை எரிப்பேனா? உன் அப்பாவிடம் போய்விடு."

"போகிறேன். அரசர் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டுப் போகட்டுமா?"

அரசி ஆசனத்தை விட்டு இறங்கி வந்தாள். பிறகு, "வா" என்று முன்னால் நடந்தாள்.

இருவரும் கடந்து போனபோது, வீரர்கள் பிடியில் நின்ற அந்த மூவரும் மெரெத்தாவுக்குத் தலை தாழ்த்திக் கும்பிட்டார்கள். ஆம், அவளுக்கேதான்! அவளைக் கொண்டு அரசியிடம் சிபாரிசு பிடிக்கலாமே என்று.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகவே கேட்டவர்களே, மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவரிடம் உதவி பெற்றுவிட்டு, அவர் விழுந்ததும் அவர்மேல் பொய்ப்பழி போடுகிறவன், தன் நாக்காலேயே பிடிபட்டு அழிவான்.