மேகம்பாறைக்கு ஐப்பசி திரும்பி வந்த கதை

மலைமேல் மேகம்பாறை என்றொரு ஊர். அங்கே இருப்பவர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்வார்கள். கரண்டு கம்பம் நட வந்தவர் ஒருமுறை, "இந்தக் கம்பத்துப் பக்கம் ஒருத்தரும் தலைவைத்துப் படுக்கக் கூடாது" என்று எச்சரித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஊரே கம்பத்தின் பக்கம் காலை நீட்டித்தான் படுக்கிறது.

அந்த ஊரில் மிளகுத் தோட்டத்துக் காவல்காரர் தவசிமுத்து. ஒரே மகள் மாரிக்கனியை அடிவாரத்து டவுனில் கட்டிக்கொடுத்திருந்தார். வளைகாப்பு முடிந்துவிட்டது. தலைப்பிரசவத்துக்கு அவளை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஊருக்கோ பஸ் கிடையாது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளை மலையேறி வா என்று எந்த வாயால் சொல்வது? அந்தக் கவலையில் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

மார்கழி பிறக்கும் நேரம், ஜீப்பில் ஒரு சுற்றுலா அதிகாரி வந்து இறங்கினார். ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

"நாடு முழுக்க இருந்து ஆட்கள் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்புற மாசம் இது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாஷை, ஒரு பண்டிகை. இங்கே வர்றவங்களுக்குச் சொந்த வீட்டுல இருக்கிற மாதிரியே இருக்கணும். அவங்க பண்டிகையைக் கேட்டு, அதையும் கொண்டாடுங்க. தினமும் வானிலையைப் பலகையில எழுதி வைக்கணும். எழுதினது பொய்யாகக் கூடாது. வந்தவங்க நல்லபடியா சொன்னா, உங்க ஊருக்கு பஸ் விடச் சொல்லி நானே ஏற்பாடு பண்றேன்."

பஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் தவசிமுத்து எழுந்து நின்றுவிட்டார். எழுந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் வானிலைப் பலகையை அதிகாரி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் விருந்தாளிகள் கல்கத்தாப் பக்கத்து வயதான தம்பதி. கணவர் ஹல்தார். நெய்வேலியில் வெகுகாலம் வேலை பார்த்தவர் என்பதால் இருவருக்கும் தமிழ் நன்றாகவே வந்தது. கொண்டுவந்து விட்ட ஜீப், வாரம் கழித்து வருவதாகச் சொல்லித் திரும்பிப் போனது.

ஊர்க் கோடியிலிருந்த ஓட்டு வீட்டை அவர்களுக்காக வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். சமையலுக்குப் பொறுப்பு ஞானதீபம். ஹல்தாரின் மனைவி முகம் கழுவி வந்ததும் அவள் கரண்டியை நீட்டினாள்.

"இது எதுக்கும்மா?" என்றார் விருந்தாளி அம்மா.

"சொந்த வீட்டுல நீங்கதானே சமைப்பீங்க. அரிசி அந்தப் பானையில இருக்கு. எனக்கும் சேர்த்துப் போடுங்க."

அம்மா சிரித்துக்கொண்டே உலை வைத்தார். வாசலில் ஹல்தார் காலை நீட்டி உட்கார்ந்தார். பஞ்சாயத்துத் தலைவர் அங்குராசு வேகமாக வந்து, "உங்க வேலி என் இடத்துக்குள்ள ஒரு முழம் வந்திருக்கு" என்று சண்டை பிடித்தார். ஹல்தாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தனக்கு இங்கே வேலியே கிடையாது என்றார்.

"தெரியும் சார். உங்க ஊர்ல பக்கத்து வீட்டுக்காரர் இப்படித்தானே பேசுவாரு?"

ஹல்தார் யோசித்துப் பார்த்து, "ஆமாம், கொஞ்சம் இப்படித்தான்" என்று ஒப்புக்கொண்டார். தலைவர் திருப்தியோடு போனார்.

மறுநாள் தவசிமுத்துவும் ஊர்ப் பெரியவர் காசிம் ராவுத்தரும் பண்டிகை விசாரிக்கப் போனார்கள்.

"எங்களுக்குப் பெரிய பண்டிகை துர்கா பூஜை. அது ஐப்பசியிலேயே முடிஞ்சுபோச்சே" என்றார் ஹல்தார்.

தலைவர் வீட்டில் அவசரக் கூட்டம் கூடியது.

"முடிஞ்சுபோன பண்டிகையை எப்படிக் கொண்டாடுறது?" என்றார் அங்குராசு.

"பண்டிகை எங்கேயும் போகலை, ஐப்பசியிலதான் இருக்கு. நாமதான் அதைத் தாண்டி வந்துட்டோம்" என்றார் ராவுத்தர்.

"அப்ப திரும்பிப் போக வேண்டியதுதான்" என்றார் தவசிமுத்து.

அதுவே முடிவாயிற்று. தினசரிக் காலண்டரில் கிழித்துப் போட்ட தாள்களைத் தேடி ஊரெல்லாம் அலைந்தார்கள். சிலது கடலைப் பொட்டலமாக இருந்தது. ஒன்று ஞானதீபத்தின் வேதப் புத்தகத்துக்குள் அடையாளமாக இருந்தது. எல்லாவற்றையும் பழைய சோற்றால் ஒட்டி, ஐப்பசியை மேலே கொண்டுவந்து, விருந்தாளி வீட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

தவசிமுத்து பலகையைப் பார்த்தார். காலையில் 'பனி' என்று எழுதியிருந்தார். ஐப்பசியில் ஏது பனி? அதை அழித்துவிட்டு 'அடைமழை' என்று எழுதினார். பிறகு வானத்தைப் பார்த்தார். மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. எழுதினது பொய்யாகிவிட்டால் பஸ் வராது.

"மாமா, ஏணி இருக்கா?" என்று ராவுத்தரிடம் கேட்டார்.

ஏணி வந்தது, குடங்கள் வந்தன. தலைவருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஊர் முழுக்கப் பெய்யணுமா?"

"விருந்தாளி இருக்கிற இடத்துல பெஞ்சாப் போதும். நமக்கு இது மார்கழிதானே" என்றார் ராவுத்தர்.

தவசிமுத்து ஓட்டின்மேல் உட்கார்ந்து குடம் குடமாகக் கவிழ்த்தார். கீழே ராவுத்தர் தகர டின்னைத் தட்டி இடி இடித்தார். ஹல்தார் சுள்ளென்ற வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வெளியே வந்து வானத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் நடக்கத் தொடங்கியதும் மழைக்குச் சிக்கல் வந்தது. தவசிமுத்து கத்தரிச்செடிக்கு ஊற்றும் பூவாளியோடு இறங்கி, அவர் போன இடமெல்லாம் பின்னாலேயே பெய்துகொண்டு போனார்.

"இது எப்ப நிற்கும்?" என்று ஹல்தார் கேட்டார்.

"கார்த்திகையில கொஞ்சம் குறையும் சார்."

சாயங்காலம், தலைதுவட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் பூஜையை எப்படிச் செய்வது என்று கேட்டார்கள். "துர்காவை அலங்காரம் பண்ணி உட்கார வைப்போம். மேளம் அடிப்போம். கடைசியில ஊர்வலமாக் கொண்டு போய்த் தண்ணியில கரைச்சிடுவோம்" என்று அவர் ஆசையாகச் சொன்னார்.

"துர்கா இப்ப எங்கேம்மா இருக்காங்க?" என்றார் தவசிமுத்து.

"நான்தான் துர்கா. என் பேரே அதுதானே" என்று அந்த அம்மா விளையாட்டாகச் சொல்லிவிட்டார்.

காலையில் ஊரே திரண்டு வந்தது. துர்கா அம்மாவைத் தலைவர் வீட்டு மர நாற்காலியில் உட்கார வைத்து, சாமந்தி மாலை போட்டு, தூக்கிக்கொண்டு மேளத்தோடு கிளம்பினார்கள். முதலில் வேண்டாம் வேண்டாம் என்றவர், பாதி வழியில் மாலையைச் சரிசெய்துகொண்டார். ஹல்தார் குடையோடு பின்னால் வந்தார். பக்கத்திலேயே தவசிமுத்து பெய்துகொண்டு வந்தார்.

ஊர்வலம் குளக்கரையில் நிற்காமல் தண்ணீருக்குள் இறங்கியது. நாற்காலியை முழங்காலளவுத் தண்ணீரில் வைத்துவிட்டு எல்லோரும் கரையேறிக் காத்திருந்தார்கள்.

"என்னப்பா பண்றீங்க?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

"கரைக்கிறோம்மா" என்றார் அங்குராசு பணிவாக.

வெகுநேரம் ஆயிற்று. "கரையற மாதிரித் தெரியலையே" என்றாள் ஞானதீபம்.

"வெல்லம்கூட முழுசாப் போட்டா சட்டுனு கரையாது. ஒரு ராத்திரி ஊறட்டும்" என்றார் ராவுத்தர்.

தவசிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. முந்தின நாள் அந்த அம்மா மாரிக்கனியைப் பற்றி அக்கறையாக விசாரித்திருந்தார். இவர் கரைந்துபோனால் ஹல்தார் சார் தனியாக அல்லவா ஊர் திரும்ப வேண்டும்? பூவாளியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

"அம்மா, கோவிச்சுக்கக் கூடாது. உங்களைக் கரைக்காம விட்டா, பூஜையில குறை வச்சோம்னு அதிகாரிகிட்ட சொல்லிடுவீங்களா?"

"சொல்ல மாட்டேன். கையைப் பிடிச்சுக் கரையேத்துப்பா."

ஹல்தார் அப்படியே பாறை உச்சிக்கு ஏறினார். ஊரில் செல்போன் எடுக்கும் ஒரே இடம் அதுதான். அவர் அதிகாரியிடம் கத்திப் பேசியது கீழே ஊருக்கே கேட்டது.

"இந்த ஊருக்கு உடனே பஸ் விடுங்க சார். நாளைக்கே விடுங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு விடுங்க. எங்களுக்கு அப்புறம் யாராவது வந்து மாட்டினா, அவங்க என்ன ஆகிறது?"

நல்லபடியாகச் சொல்லிவிட்டார் என்று ஊரே ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டது. தவசிமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி நிஜமாகவே பயந்துவிட்டார் போலிருக்கிறது. இரண்டொரு நாளில் பஸ் வந்துவிட்டது. பின்னாலேயே அவர் அனுப்பிய ஜீப் நிற்பதற்கு முன்பே ஹல்தார் தம்பதி அதில் ஏறிக்கொண்டார்கள். அந்த அம்மா மட்டும் மாலையை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

பஸ் வந்த வேகத்தில் முன்பக்கம் புகைந்தது. டிரைவர் இறங்கி, "ஏத்தம் ஏறினதுல வண்டி ரொம்பக் களைச்சுப்போச்சு. கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஊர்க்காரர்கள் பஸ்ஸைச் சுற்றி நின்றார்கள். ஞானதீபம் விசிறி கொண்டுவந்தாள். ராவுத்தர் சக்கரங்களைப் பிடித்துவிட்டார். தலைவர் பஸ்ஸுக்கு முன்னால் இலை போட்டுப் பொங்கல் வைத்து, "கூச்சப்படாம சாப்பிடணும்" என்று கேட்டுக்கொண்டார். சாப்பிட்டு வந்த டிரைவர் வண்டியை எடுக்க முயன்றபோது, வந்த விருந்தாளியை அன்றைக்கே விரட்டுவது எங்கள் ஊர் வழக்கமில்லை என்று சொல்லிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

தவசிமுத்துவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலையிறங்கி, மகள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார்.

"பஸ் வந்திருச்சாமேப்பா" என்றாள் மாரிக்கனி. துணிமணியெல்லாம் பையில் தயாராக இருந்தது.

"வந்திருச்சும்மா. எம்புட்டு அழகு தெரியுமா. கிளம்பு, போகலாம்."

"நீங்க அதுலயே வந்திருக்கலாமே. ஏன் இப்படி வேர்க்க விறுவிறுக்க நடந்து வர்றீங்க?"

தவசிமுத்து மகளை வருத்தத்தோடு பார்த்தார். "அதுவே மூச்சு வாங்கி இப்பத்தான் உட்கார்ந்திருக்கு. வந்ததும் வராததுமா அது முதுகுல ஏறி உட்கார்றதா?"

மாரிக்கனிக்குத் தன் தப்பு புரிந்தது. "எனக்குத் தோணலைப்பா. நாம மெல்ல நடந்தே போயிடலாம். ஆனா முதமுதலா பார்க்கப் போறோம், வெறுங்கையோடயா போறது? முறுக்கு வாங்கிக்கலாமா?"

தவசிமுத்து நின்று யோசித்தார்.

"பல்லு இருக்கான்னு நான் பார்க்கலை. எதுக்கும் வாழைப்பழமா வாங்கிக்குவோம்."