டைம்கீப்பர் நிறுத்திய சொல்

ஆறுமுகநயினார் இருபத்தொன்பது வருஷம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவர். பஸ் கிளம்ப ஒரு நிமிஷம் பிந்தினால் டிரைவர் தொலைந்தான். அவரைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டவர்கள் ஊரில் உண்டு, அவரைக் கண்டு ஒளிந்தவர்களும் உண்டு. அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு ஐம்பத்தாறாவது வயதில், மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, டாக்டர் நேரம் குறித்துக் கொடுத்தார். கணையத்தில் கட்டி, அறுத்து எடுக்க முடியாத இடம். ஆறு மாசம், மிஞ்சினால் எட்டு.

வேறொருத்தராக இருந்தால் அழுதிருப்பார். கோயில் கோயிலாக ஏறி இறங்கியிருப்பார். நயினார் வீட்டுக்கு வருகிற வழியில் கடையில் நின்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாளே மடத்தில் போய் நின்றார்.

ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில், கால்வாய்க் கரையில் இருந்தது அந்த மடம். ஓட்டுக் கூரை, இரண்டு பசு, ஒரு அவரைப் பந்தல், அவ்வளவுதான். அங்கே இருந்தவர் வேலம்மை. நயினாரைவிடப் பதினாலு வயது இளையவர், இருந்தாலும் ஊருக்கே அவர் மடத்தம்மா. சாமியார் என்று நம்ப அவரிடம் ஒரு லட்சணமும் கிடையாது. நன்றாகச் சாப்பிடுவார், மௌனவிரதமெல்லாம் அவருக்கு ஒத்துவராது. ஆனால் அவரிடம் கேட்டுப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியதில்லை என்று ஒரு பேச்சு இருந்தது.

"அம்மா, சாவுக்கு எப்படித் தயாராகணும்?" என்று கேட்டார் நயினார்.

"காலையில சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"அதுக்கென்ன இப்போ?"

"சாப்பிடலை போல," என்று சொல்லிவிட்டு அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நாற்பது நாள் இப்படியே போனது. தினமும் காலை ஆறுக்கு டாண் என்று நயினார் வந்துவிடுவார். ஒருநாள் அவரைக்காய் பறிக்கச் சொல்வார் அம்மா, இன்னொருநாள் தொழுவம் கூட்டச் சொல்வார். சொன்னதை மளமளவென்று முடித்துவிட்டு நயினார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எதிரே நிற்பார். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. இன்றைக்கும் ஒரு நாள் கழிந்துவிட்டதே, இன்னும் ஒரு வரி உபதேசம் கிடைக்கவில்லையே என்று பதறினார்.

மடம்தான் இப்படி. வீட்டில் அவர் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டார். வீட்டில் இருந்தது அவர், மனைவி உலகம்மாள், கல்லூரியில் படிக்கிற மகள் சுடர்மதி, மூன்றே பேர். நாற்பது பக்க நோட்டில் தினம் ஒரு பக்கம் எழுதினார். மோட்டார் ஓடாவிட்டால் எந்த ஒயரைப் பார்ப்பது, கேஸ் தீர்ந்தால் யாருக்குப் போன் போடுவது, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு. சாயங்காலம் அந்தப் பக்கத்தை உலகம்மாளுக்குப் பாடம் நடத்திவிட்டு, திருப்பிச் சொல்லச் சொல்வார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே மோட்டார் ஒயரின் நிறத்தை ஒப்பித்தாள்.

தியானத்துக்கு இடைஞ்சல் என்று டிவியை வேட்டி போட்டு மூடினார். தாளிக்கிற வாசனை மனசை இழுக்கிறது என்று தாளிப்பையே நிறுத்தச் சொன்னார். சுடர்மதி சும்மா இருக்கிற பிள்ளை இல்லை. துணி துவைத்தாலும் பாட்டு, தலை வாரினாலும் பாட்டு. அதற்கும் தடை வந்தது. பாவம், அந்தப் பிள்ளை கொலுசைக்கூடக் கழற்றி வைத்துவிட்டது.

இதையெல்லாம்விடப் பெரிய காரியம் ஒன்று செய்தார். வெளியே கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்வதை விட்டார். நம் பக்கத்தில் தெருமுனைக் கடைக்கு வெற்றிலை வாங்கப் போகிறவன்கூட "போறேன்" என்று வாய் தவறிச் சொல்லமாட்டான். சொன்னால் வீட்டுப் பெண்கள் சும்மா விடமாட்டார்கள். நயினாரோ, வராத பஸ்ஸை வருகிறது என்று மைக்கில் அறிவித்துப் பழக்கமில்லாத ஆள். அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துவிட்டார். திரும்பி வருவேனா என்று தெரியாதவன் வாரேன் என்று ஏன் பொய் சொல்ல வேண்டும்? தினமும் காலையில் வாசல்படியில் நின்று "போறேன்" என்பார், இறங்கிவிடுவார். உலகம்மாள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

நாற்பத்தொன்றாம் நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. நீங்கள் ஒன்றும் சொல்லித் தராவிட்டாலும் நானாகவே பாதி வழி வந்துவிட்டேன், இப்போது என் வீடே மடம் மாதிரி ஆகிவிட்டது, ஒரு சத்தம் கிடையாது என்று அம்மாவிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"அப்படியா?" என்றார் அம்மா. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வாரேன்."

சொன்னபடி வந்தார். சுடர்மதி தண்ணீர்ச் செம்பைத் தரையில் சத்தம் கேட்காமல் வைத்துவிட்டு ஒதுங்கினாள். இலையில் வெள்ளைச் சோறும் தாளிக்காத பருப்பும் அவித்த புடலங்காயும் விழுந்தன. யாரும் பேசவில்லை. ஒன்றேகாலுக்குத் தியானம் என்பதால் நயினார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பிசைந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் யாரோ கடுகு தாளித்தார்கள். கறிவேப்பிலையும் பெருங்காயமுமாக வாசனை சுவர் தாண்டி வந்தது. சுடர்மதியின் கை இலைமேல் அப்படியே நின்றது. கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள், அப்பா பார்க்கிறாரா என்று பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

அம்மா ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். கை கழுவினார். வேட்டி போர்த்திய டிவியையும் அடுப்படி வாசலில் நின்ற உலகம்மாளையும் ஒருமுறை பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கித் தெருவில் நடந்தார்.

உலகம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நயினாருக்கு விளங்க ஒரு நொடி கூடுதலாக ஆனது. வந்த விருந்தாளி சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிற வீடு நம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார் மனுஷர். தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அம்மாவை மறித்துவிட்டார்.

"அம்மா, சொல்லாம வந்துட்டீங்க."

"ஆமா."

"இழவு வீட்டுலதாம்மா அப்படிக் கிளம்புவாங்க."

"தெரியும் அண்ணாச்சி. டிவிய மூடியிருக்கு, பருப்புல தாளிப்பு இல்ல, வயசுப்பிள்ள மூச்சுவிடப் பயப்படுது. யாரு தவறுனதுன்னு கேக்க எனக்கு வாய் வரலை. அதான் வந்துட்டேன்."

நயினாருக்கு வந்ததே கோபம். நாற்பது நாள் அடக்கி வைத்தது அத்தனையும் சேர்ந்து வந்தது. "நான் இன்னும் சாகல!" என்று கத்தினார். தொட்டியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட ஏன் சத்தம் போடுதீங்க?" என்றார் அம்மா. "இத வீட்டுல சொன்னீங்களா?"

அவர் போய்விட்டார். நயினார் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார். வேறு போக்கிடம் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பினார்.

உலகம்மாள் அடுப்படியில் இருந்தாள். மடத்தம்மாவைத் திட்டுவாள், நாமும் கூடச் சேர்ந்து திட்டலாம் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தார்.

"நாப்பது நாளா போறேன் போறேன்னுதான் சொல்லுதீங்க," என்றாள் அவள். "திரும்பி வந்தீங்கன்னு ஒருநாள்கூட எனக்குத் தோணலை."

இதற்கு நோட்டில் பக்கம் எதுவும் இல்லை. நயினார் அடுப்படித் தரையில் உட்கார்ந்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அங்கே அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. மனைவியின் குதிகால் வெடித்திருந்தது. அந்தப் பருப்பைத் தாளி என்றார். வயிற்றைப் புரட்டுமே என்றாள் அவள். புரட்டினால் புரட்டட்டும் என்றார்.

கடுகு வெடித்தது. மிளகாய் வற்றல் கருகி மூவருக்கும் தும்மல் வந்தது. நயினார் மூன்று கவளம் ஆசையாகச் சாப்பிட்டார், நாலாவது கவளத்துக்குப் பின்வாசலுக்கு ஓடி எல்லாவற்றையும் வாந்தியெடுத்தார். உலகம்மாள் முதுகைத் தடவிவிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு, உப்பு ஒரு கல் கம்மி என்றார் நயினார். பின்னால் நின்ற சுடர்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்ததும் நன்றாகவே சிரித்தாள். சிரிக்காதேட்டீ என்று அவள் தலையில் குட்டிய உலகம்மாளும் சிரித்தாள். அதில் யார் முதலில் அழ ஆரம்பித்தார்கள் என்று மூவருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் நயினார் மடத்துப் பக்கம் வரவில்லை. பத்தாம் நாள் வந்தார். மணி எட்டேகால். சட்டையில் மஞ்சள் கறை இருந்தது. அம்மா பந்தலடியில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். நயினார் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

வீட்டுச் செய்தியை எல்லாம் சொன்னார். டிவிக்காகத் தானும் மகளும் போடுகிற சண்டை, தாயம் விளையாடும்போது உலகம்மாள் பண்ணுகிற கள்ள ஆட்டம், நேற்று அவள் ஆக்கிய உளுந்தஞ்சோறு, அதில் தனக்கு இறங்கிய நாலு வாய்.

"முன்னாடி நான் தயாரா இருந்தேம்மா," என்றார். "இப்ப இல்ல. இப்பப் பயமா இருக்கு. அவங்களை விட்டுட்டுப் போக மனசே வரலை."

அம்மா ஒரு அவரைக்காயை உரித்து முடித்தார். "ம்," என்றார்.

நயினாருக்கு அது போதவில்லை. இன்று காலை நடந்ததையும் சொன்னார். சுடர்மதி வாசலை மறித்துக்கொண்டு நின்றாளாம். ஒழுங்காகச் சொல்லிவிட்டுக் கிளம்பினால்தான் வழி என்றாளாம். போயிட்டு வாரேன் என்று சொன்னாராம். சொல்லிவிட்டுத் தெருமுனை வரைக்கும் நடந்தும் நெஞ்சு அடங்கவில்லையாம்.

"திரும்பி வர முடியாத நாள்னு ஒண்ணு இருக்கேம்மா. ரொம்பத் தூரத்துலயும் இல்ல. அன்னைக்கி நான் வாரேன்னு சொல்லிட்டுப் போனா, அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னது பொய்யாப் போயிருமே. நான் என்ன செய்ய?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"அந்த ஒருநாள் மட்டும் சொல்லாமப் போங்க அண்ணாச்சி, யாரும் கோவிச்சுக்கிட மாட்டாங்க. மத்த நாளெல்லாம் சொல்லிட்டுப் போங்க."