மூன்று கூட்டல் குறிகள்

கம்ப்யூட்டர் செய்தியை டெலிபோன் லைனில் அனுப்பும் மோடம் செய்யும் அந்தப் பட்டறையில் குரு நாச்சியாருக்கு வயது முப்பத்தொன்று. சீடர் பாக்கியநாதனுக்கு ஐம்பத்திரண்டு. டெலிபோன் கம்பம் ஏறிய காலமெல்லாம் முடிந்து, புரோகிராம் எழுதக் கற்க வந்தவர்.

கிராமத்து ஆஸ்பத்திரிகள் பரிசோதனை முடிவுகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அறுபது மோடம் கேட்டிருந்தன. பேர்போன ஒரு கம்பெனியின் மோடம் செய்வதையெல்லாம் இதுவும் செய்ய வேண்டும். மின்சுற்றுப் பலகையை நாச்சியார் செய்தாள். உள்ளே ஓடும் புரோகிராம் பாக்கியநாதனுடைய பொறுப்பு. அவருக்கு அதுதான் முதல் புரோகிராம்.

இரண்டு மாதம் திணறினார். பிறகு ஒரு மதியம் கம்பெனி மோடத்தின் சிப்பைக் கழற்றி, உள்ளிருந்த புரோகிராமை அப்படியே எடுத்துத் தன் சிப்பில் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"முடிஞ்சிட்டா அண்ணாச்சி?"

"முடிஞ்சிட்டு டீச்சர்."

பெட்டியில் ஒட்டும் சீட்டில் அவர் பெயரை நாச்சியார் தன் கையாலேயே எழுதினாள். அதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"டீச்சர், ஒரு சந்தேகம். கம்பெனிக்காரன் பலகை செய்ற வேலைய நம்ம பலகையும் செய்யுது. அது தப்பில்லங்கீங்க. உள்ள எழுதினத எடுத்தா மட்டும் கேஸ் போடுறானே, ஏன்?"

"வேலை எல்லாருக்கும் பொது அண்ணாச்சி. எழுத்து எழுதினவனுக்குச் சொந்தம்."

"சட்டம் அப்படிச் சொல்லுது, சரி. மெஷினுக்கு என்ன தெரியப் போவுது?"

நாச்சியார் ஒரு தாளை நீட்டினாள். ஒரு கர்ப்பிணியின் சிறுநீர்ப் பரிசோதனை.

"நீங்க செஞ்சதுல இத அனுப்புங்க."

பெயரைத் தட்டினார். வயதைத் தட்டினார். 'உப்பு' என்று தட்டி, மிக அதிகம் என்பதற்கு ஆய்வகத்தில் போடுகிற மூன்று கூட்டல் குறிகளையும் தட்டினார். மூன்றாவது குறி போனதும் மோடத்தின் விளக்கு அணைந்தது. லைன் அறுந்துவிட்டது.

நாச்சியார் கம்பெனி மோடத்தை எடுத்து மாட்டினாள்.

"இப்ப இதுல."

அதுவும் அதே இடத்தில் அறுந்தது. மூன்று கூட்டல் குறி சேர்ந்து வந்தால் பேச்சு முடிந்ததென்று நினைத்துக்கொள்வது கம்பெனிக்காரன் எழுதிய புரோகிராமின் பழைய கோளாறு.

பாக்கியநாதனுக்குக் காது மடல் சுட்டது. தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"எழுதினா தப்பு வரத்தானே செய்யும், டீச்சர்?"

"வராமலா? நான் எழுதின மொத புரோகிராம் ராவும் பகலும் போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் போட்டுக்கிட்டே இருந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"இது அவங்க தப்பு. உங்க தப்பு எங்க அண்ணாச்சி?"